நிவாரணம் யாசகமன்று

கொட்டாஞ்சேனையில் என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தியின் தாய், கணவனை இழந்தவர். விடியுமுன் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து மூன்று பிள்ளைகளை வளர்த்து வருகிறார். ‘அஸ்வெசும’ உதவிக்கு விண்ணப்பித்தார்; கிடைக்கவில்லை. காரணம் கேட்டபோது, மின்சாரப் பாவனை அதிகம் என்று வாய்ச்சொல்லாக ஒரு விடை வந்தது. அவர் குடியிருப்பதோ தோட்டத்து அறை ஒன்றில். அங்கே ஒரே மின்மானியிலிருந்து நான்கு குடும்பங்கள் விளக்கெரிக்கின்றன. நான்கு வீட்டு வெளிச்சம் ஒருத்தியின் செல்வமாகக் கணக்கில் ஏறிவிட்டது!

இது எங்ஙனம் நேர்ந்தது? 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின்கீழ் 2023இல் தொடங்கப்பட்டது அஸ்வெசும. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 சுட்டிகளைக் கொண்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் புள்ளியிடப்படுகிறது. புள்ளிக்கேற்ப நான்கு வகுப்புகள் வகுக்கப்பட்டன. மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா, வறிய குடும்பத்துக்கு 8,500 ரூபா எனத் தொடங்கி, 2025இல் அவை முறையே 17,500, 10,000 என உயர்ந்தன. முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர் ஆகியோருக்குத் தனிக் கொடுப்பனவுகளும் உண்டு.

திட்டம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அளவுகோலைத்தான் கேள்விக்குட்படுத்துகிறோம். சீமெந்துத் தரை, குழாய் நீர், மின்விளக்கு ஆகியன கிராமத்தில் வசதியின் அடையாளமாகலாம். கொழும்பிலோ, சொந்தமாக ஓரடி நிலமும் இல்லாதவன்கூட வாடகை கொடுத்துச் சீமெந்துத் தரையிலேதான் படுத்துறங்குகிறான். அவனுடைய வறுமை, வாடகையிலும் கடனிலும் நாட்கூலியின் நிச்சயமின்மையிலும் இருக்கிறது. தரையைப் பார்த்துவிட்டுப் போகிற கண்ணுக்கு அது தெரிவதில்லை. 2023இல் முதற் பட்டியல் வெளியானதும் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. இத்தனை பேரும் பேராசைக்காரர் என்று சொல்லத் துணிபவர் யார்?

“முன்னைய சமுர்த்தியில் அரசியல்வாதியின் சிபாரிசே ஆட்சி செய்தது, இப்போது எண் ஆட்சி செய்கிறது, எண்ணுக்குக் கட்சியில்லை” என்பர் சிலர். முதற் பகுதி பெரும்பாலும் உண்மை. ஆனால் எண்ணுக்குக் கட்சியில்லை என்பதனால் அது நீதியாகிவிடுமா? சிபாரிசு செய்தவனிடமாவது முகம் பார்த்து வழக்குரைக்கலாம். காரணம் எழுதித் தராத எண்ணிடம் யார் போய் வாதாடுவது?

“அரசிடம் பணமில்லை” என்பது அடுத்த வாதம். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. வேறு வரிகளும் குறைக்கப்பட்டன. அந்தச் சலுகையின் பெரும்பங்கைப் பெற்றவரின் வீட்டுக்கு எந்த உத்தியோகத்தராவது சென்று தரையைப் பார்த்தாரா? மின்மானியை வாசித்தாரா? 2022 ஏப்ரலில் நாடு கடனிறுக்க இயலாது நின்றபோது, விலையேற்றத்தைச் சுமந்தவள் மட்டும் தன் ஏழ்மைக்குச் சாட்சி தேட வேண்டியவளானாள்.

வரலாறும் நமக்கு ஒன்று சொல்கிறது. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12ஆம் நாள் மக்கள் ஹர்த்தாலில் இறங்கினர். அவ்வாண்டு ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அன்று அரிசியை மக்கள் உரிமையாகக் கேட்டனர். 1979இல் பங்கீட்டு அரிசியின் இடத்தில் உணவு முத்திரை வந்தது. விலைகள் ஏறின, முத்திரையின் பெறுமதி ஏறவில்லை. சில ஆண்டுகளிலேயே அது பாதி வயிற்றுக்கும் போதாததாயிற்று. உரிமை சலுகையாகச் சுருங்கினால், சலுகையும் தேய்ந்து போகும்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. நிராகரிக்கப்படும் ஒவ்வொருவருக்கும் அவருடைய புள்ளிகளும் காரணமும் எழுத்தில், அவர் மொழியில் தரப்பட வேண்டும். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பு 1987இலேயே ஏற்றுக்கொண்டதல்லவா? பொது மின்மானியில் வாழும் குடும்பங்களுக்கு வேறு அளவுகோல் வேண்டும். வாழ்க்கைச் செலவு ஏறும்போது கொடுப்பனவும் தானாக ஏற வேண்டும்.

அரசைக் கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. வெள்ளவத்தையில் மேல்மாடி வீடுகளில் வாழும் படித்த நண்பர்களே! விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல், மேன்முறையீட்டுக்கான கடைசி நாள் அறியாமல் உரிமையை இழப்பவர் உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவராகவே இருக்கக்கூடும். அவருக்குப் பழஞ்சேலை கொடுப்பதைவிட, அரைமணி நேரம் அருகிருந்து ஒரு முறையீட்டை எழுதிக் கொடுங்கள். அந்த மாணவியின் தாய்க்கு நான் எழுதிக் கொடுத்தேன். கையொப்பமிடுமுன் அவர் கேட்டார்: “மாஸ்டர், இப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?”

உரிமையைக் கேட்கிற வாயில் இந்தக் கேள்வி எழாத நாள் வரவேண்டும்.