லேப்டாப் பழசா, விண்டோஸ் பழசா?

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட்கள் நின்றுவிட்டன. சரி, விண்டோஸ் 11 போடலாமென்றால் டிபிஎம் 2.0 வேண்டும், பட்டியலில் உள்ள பிராசஸர் வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். அதற்காக நன்றாக ஓடும் லேப்டாப்பைத் தூக்கிப் போடுவதா மக்களே?

லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றி, ஹார்டு டிஸ்கைத் தொடாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சவுண்டு வேலை செய்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். ஃபயர்பாக்ஸும், அசைன்மென்ட் அடிக்க லிப்ரே ஆஃபிஸும் கூடவே வரும். ஆட்டோகேட், ஃபோட்டோஷாப் இல்லாமல் முடியாதென்பவர்கள் மட்டும் அவசரப்படாதீர்கள். அவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது.

இலவசம் என்பதற்காக மாறச் சொல்லவில்லை. நம் லேப்டாப்புக்கு எப்போது வயதாகிறது என்பதை நாமே முடிவு செய்யலாமே! பேக்கப் எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள்.