ஒரே பெயர், இரண்டு வேர்

நீரிழிவு முற்றினால் சிறுநீரகத்தில் கைவைக்கும். ஆரம்பத்தில் வலி கிடையாது, வீக்கம் கிடையாது. சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதம்தான் முதல் தடயம். டயாலிசிஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் மூலிகையைத் தேடிக் கிளம்புகிறவர்கள் நம் ஊரில் மட்டும் இல்லை.

சீனாவில் இதற்கென்று ஒரு மரபே இருக்கிறது. ஹுவாங்சி என்ற வேரை அங்கே நவீன மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். சிறுநீரக நோயில் இந்த வேர் பற்றிய ஆய்வுகளை 2014இல் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழு, புரதக் கசிவு குறைய வாய்ப்புண்டு, ஆனால் ஆய்வுகளின் தரம் போதாது என்றது. லெய்கோங்டெங் என்ற கொடி இன்னும் வீரியமானது. கசிவைக் குறைக்கும், கூடவே கல்லீரலையும் கருவுறும் திறனையும் பாதிக்கும்.

பெயர்க் குழப்பம் இதைவிடப் பெரிய ஆபத்து. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைக்கச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. பாதிக்கப்பட்டோர் நூறைத் தாண்டினர். மருந்தில் இருக்க வேண்டியது ஹான் ஃபாங்ஜி. இருந்ததோ குவாங் ஃபாங்ஜி. இரண்டும் வேறு வேறு செடிகள். கடையில் இரண்டும் ஃபாங்ஜிதான். பின்னதில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அழித்தது. சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் ஆடுதீண்டாப்பாளையும் அதே அரிஸ்டோலோகியா இனம்தான்.

அதற்காகச் செடிகொடிகளையே ஒதுக்க வேண்டியதில்லை. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் இன்றைய மாத்திரைகளுக்கு மூலம், 1835இல் ஆப்பிள் மரப்பட்டையில் கண்டறிந்த ஃப்ளோரிசின். அந்த வகையைச் சேர்ந்த கனாக்ளிஃப்ளோசினை நீரிழிவால் சிறுநீரகம் பாதித்த 4,401 பேரிடம் சோதித்தார்கள். சிறுநீரகம் செயலிழப்பது, அதனாலோ இதய நோயாலோ இறப்பது போன்ற விளைவுகளின் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் குறைந்ததாக 2019இல் முடிவு வெளியானது. பட்டைக்கும் மாத்திரைக்கும் இடையே இருப்பது இந்தச் சோதனைதான்.

எனவே நீரிழிவுக்காரர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறுநீரில் ஆல்புமினையும் ரத்தத்தில் கிரியேட்டினினையும் பார்த்துக்கொள்வது நல்லது. மூலிகைப் பொட்டலம் வாங்கினால் அதில் என்னென்ன செடி, தாவரவியல் பெயர் என்ன என்று கேளுங்கள். சொல்ல மறுத்தால் வாங்காதீர்கள். எதைச் சாப்பிட்டாலும் உங்கள் டாக்டரிடம் மறைக்காதீர்கள். அவர் எழுதித் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.