நெஞ்சு நோகுது என்று சொன்னால்



எங்கள் பெண்கள் துயரத்தைச் சொல்லும்போது நெஞ்சைத்தான் தொட்டுக் காட்டுகிறார்கள். "நெஞ்சு வெடிக்குது", "நெஞ்சுக்குள்ள கல்லை வைச்ச மாதிரி" என்பார்கள். கணவனை இழந்தவரும், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடுபவரும், கடன் கொடுத்தவருக்கு மறுமொழி சொல்ல முடியாதவரும் இதே சொற்களைத்தான் சொல்கிறார்கள். பத்து வருடமாகக் கேட்டுக் கேட்டு, இவற்றுக்கு ஒரே அர்த்தந்தான் என்று நான் நினைத்துவிட்டேன். அதனால் ஒரு தாய்க்கு நேர்ந்ததை இந்த மாதம் எழுதுகிறேன். அவரிடம் கேட்டபோது, "எழுதுங்கோ மிஸ், பேரை மட்டும் போடாதையுங்கோ" என்றார்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. மூத்த மகன் 2009 இல் காணாமற் போனவர். வன்னியில் எங்கள் சிறுகடன் குழுவொன்றில் ஒழுங்காகக் கூட்டத்துக்கு வருபவர். அன்று கூட்டம் தொடங்க முன்பே சுவரோடு சாய்ந்து இருந்துவிட்டார். "நெஞ்சுக்குள்ள இறுக்குது மிஸ். முதுகும் தாடையும் இழுக்குது. சத்தி வாற மாதிரியும் கிடக்கு" என்றார்.

அது மே மாதம். மே மாதம் அவருக்கு எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்து, மகனைப் பற்றிக் கேட்டேன். உளவளத்துணைப் பயிற்சியில் படித்ததையெல்லாம் பிழையில்லாமல் செய்தேன். அவரும் அழுதார். வாய்வாக இருக்கும் என்று ஒருவர் இஞ்சித் தண்ணீர் கொடுத்தார். இப்படியே முக்கால் மணித்தியாலம் போய்விட்டது.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த வழியால் வந்த முன்பள்ளி ஆசிரியைதான் சொன்னார்: "மிஸ், இது அழுகை இல்லை. அவவின்ர சட்டையைப் பாருங்கோ, வேர்வையில தோய்ஞ்சு போச்சு." அவரே 1990 இலக்கத்துக்கு அழைத்தார்.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தவுடன் மாரடைப்பு என்றார்கள். "நோ எத்தனை மணிக்குத் தொடங்கியது?" என்று வைத்தியர் என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டார். அந்த மௌனம் எனக்குப் போதுமாக இருந்தது.

இருதயத்தின் தசைக்கே இரத்தம் கொண்டுபோகும் நாடிகள் உண்டு. அவற்றில் ஒன்றை இரத்தக்கட்டி அடைத்துவிட்டால், அந்தப் பகுதித் தசை சாகத் தொடங்குகிறது. செத்த தசை திரும்ப வளராது, தழும்பாகிவிடும். கட்டியைக் கரைக்கும் மருந்தும், அடைப்பைத் திறக்கும் சிகிச்சையும் இருக்கின்றன. நேரம் போகப்போக அவற்றின் பயன் குறைகிறது. அந்தத் தாய் பிழைத்துக்கொண்டார். ஆனால் முன்பு கிணற்றிலிருந்து இரண்டு வாளி தூக்கியவர், இன்று ஒன்றைத் தூக்கிவிட்டு நின்று மூச்சு வாங்குகிறார்.

பெண்களுக்கும் நெஞ்சுநோதான் பொதுவான அறிகுறி. ஆனால் அதனோடு, அல்லது அது இல்லாமலே, மூச்சுத் திணறல், சத்தி, தாடை, கழுத்து, முதுகு, தோள்மூட்டு நோ, காரணமில்லாத களைப்பு, குளிர்ந்த வேர்வை என்றும் வரலாம். சலரோகம் உள்ளவருக்கு நோ தெரியாமலே மாரடைப்பு வருவதுண்டு. "காஸ்ரிக்" என்று சோடா குடித்துவிட்டுப் படுப்பதற்கு முன் இதை நினையுங்கள்.

கவலையால் நெஞ்சு நோகாது என்று நான் சொல்லவில்லை. கடும் அதிர்ச்சியில் இருதயத்தின் கீழ்ப்பகுதி திடீரென ஊதித் தளர்ந்துபோகும் ஒரு நோயை 1990 இல் ஜப்பானிய வைத்தியர்கள் விபரித்தார்கள். படத்தில் அது பேய்க்கணவாய் பிடிக்கும் பானை போலத் தெரிந்ததால், அந்தப் பானையின் பெயரையே, "தகொட்சுபோ" என்று, வைத்தார்கள். 2004 ஒக்டோபரில் நீகாட்டா மாகாணத்தில் நிலநடுக்கம் வந்த பின் அங்கு இந்நோய் பெருகியது. பெரும்பாலும் வயது சென்ற பெண்களுக்கே வந்தது. அநேகர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். ஆனாலும் வெளியிலிருந்து பார்க்க இதுவும் மாரடைப்பும் ஒன்றுதான். எது என்பதை ஆஸ்பத்திரியில்தான் சொல்ல முடியும். கையைப் பிடித்துக்கொண்டு நானோ நீங்களோ சொல்ல முடியாது. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 அம்புலன்ஸ் இப்போது எங்கள் பக்கமும் வருகிறது. காசு இல்லை.

இன்னொரு விடயம். கர்ப்ப காலத்தில் பிறஷர் கூடியிருந்த பெண்களுக்குப் பின்னாளில் இருதய நோய் வரும் வாய்ப்பு அதிகம். இடம்பெயர்ந்த காலத்தில் கொட்டிலிலும் முகாமிலும் பிள்ளை பெற்ற எத்தனையோ பேருக்குக் கால் வீங்கியது, தலை சுற்றியது. அதற்குப் பிறகு ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டார்கள். தாய்மாருக்கு நாற்பது தாண்டிவிட்டது. சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதிலிருந்தே குருதி அமுக்கமும் சீனியும் பார்க்கிறார்கள். போகும்போது இதையும் சொல்லுங்கள். உடம்பில் செல் துண்டு இருந்தால் அதையும் சொல்ல வேண்டும், எம்.ஆர்.ஐ. படம் எடுக்க முன் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு நாளைக்கு உப்பு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், கருவாடும் ஊறுகாயும் அந்தக் கணக்கில்தான். புகையிலையோடு வெற்றிலை போடுவதை நிற்பாட்டுங்கள். ஆனால் நான் அதிகம் காண்பது வேறு பிழை: "இப்ப சுகமாக் கிடக்கு" என்று பிறஷர் குளிசையை நிற்பாட்டுவது. குளிசை போடுவதால்தான் சுகமாகக் கிடக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவின் குளிசையைக் கடன் வாங்குவதும் வேண்டாம்.

அந்தத் தாய் ஏன் கிளினிக்குக்குப் போகவில்லை என்று பிறகுதான் கேட்டேன். எங்கள் குழுக்கூட்டம் செவ்வாய்க்கிழமை. கிளினிக்கும் செவ்வாய்க்கிழமை. தவணைப் பணம் கட்டத் தவறினால் என்ன சொல்வார்களோ என்று பயந்து, கிளினிக்கை விட்டிருக்கிறார். அப்படி விட்டவர்கள் அந்தக் குழுவில் மட்டும் ஏழு பேர். இப்போது கூட்டத்தை வியாழனுக்கு மாற்றியிருக்கிறோம். உங்கள் சங்கத்திலும் இரண்டும் ஒரே நாளில் வருகிறதா என்று அடுத்த கூட்டத்திலேயே கேட்டுப் பாருங்கள்.