சந்தையின் வேகமும் காட்டின் வேகமும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான சவ்வாது மலை, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. செய்யாறு பிறக்கும் இம்மலையில் மலையாளிப் பழங்குடியினர் சாமை விளைவிக்கின்றனர். தேன், புளி, நெல்லி போன்றவற்றைச் சேகரிக்கின்றனர். இம்மலைக்கும் எண்ணிமப் பொருளாதாரத்திற்கும் என்ன தொடர்பு என வினவலாம். தொடர்பு உண்டு.

விலை அறியாது மூட்டையுடன் மலையிறங்கிய நிலை மாறி, கைப்பேசியில் விலையறிந்து புறப்பட இன்று வழியுண்டு. 2016ஆம் ஆண்டில் தேசிய மின்னணு வேளாண் சந்தையும் யுபிஐ பணப்பரிமாற்றமும் தொடங்கப்பட்டன. இவற்றால் வீண் பயணமும் எரிபொருளும் தாளும் மிஞ்சுகின்றன. இது வரவேற்கத்தக்க சிக்கனமே.

ஆயினும், திரைக்குப் பின்னாலும் செலவு உண்டு. 2024இல் உலக மின்நுகர்வில் ஏறத்தாழ 1.5 விழுக்காட்டைத் தரவு மையங்கள் பயன்படுத்தியதாகப் பன்னாட்டு எரியாற்றல் முகமை மதிப்பிட்டுள்ளது. 2022இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு ஏறத்தாழ 6.2 கோடி டன். அதில் கால்பங்கிற்கும் குறைவானதே முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது.

இதனினும் ஆழமான சிக்கல் ஒன்றுண்டு. நீராவிப் பொறிகள் சிக்கனமானபோது நிலக்கரிப் பயன்பாடு குறையவில்லை, பெருகியது என்பதை 1865இலேயே ஆங்கிலப் பொருளியல் அறிஞர் ஜெவோன்ஸ் சுட்டிக்காட்டினார். ஒரு பொருளைப் பெறுவது எளிதானால் அதன் தேவை வளர்கிறது. மலைத்தேனையும் நெல்லியையும் ஒரு விரல்தொடுகையில் நகரத்தார் வாங்க முடியுமாயின், விற்பனை பெருகும். ஆனால், தேனீக்களும் மரங்களும் அந்த வேகத்திற்கு ஈடுகொடா. சந்தனத்தால் பெயர்பெற்ற இம்மலை, கடத்தலால் அம்மரங்களைப் பெரிதும் இழந்தது. வைரம் பாயப் பல பத்தாண்டுகள் வேண்டும் மரத்தை வெட்டச் சில நாழிகைகளே போதுமானவை. சந்தையின் வேகத்தைக் கூட்டலாம். காட்டின் வேகத்தைக் கூட்ட இயலாது.

எனவே, சிக்கனத்தால் மட்டும் வளம் நிலைக்காது, அளவும் வேண்டும். எவ்வளவு சேகரிக்கலாம் என்பதைக் காட்டின் வளர்ச்சியே வரையறுக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறுவன விளைபொருள்கள் மீது பழங்குடியினருக்கு உரிமை வழங்கியதோடு, காட்டைக் காக்கும் பொறுப்பையும் கிராமசபையிடம் ஒப்படைத்துள்ளது. அளவை வகுப்பதில் அச்சபையின் சொல்லே முதன்மை பெறுதல் முறை. கைப்பேசியைப் பழுதுநீக்கி நெடுநாள் பயன்படுத்துவதும், பழுதானதை உரிய மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதும் நம் பங்கு. கருவி விலையைச் சொல்லும். போதும் என்று சொல்ல வேண்டியவர் மனிதரே.