ரெண்டு ரூபா மீதி

ஒரு பௌர்ணமிக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா திருவண்ணாமலை. நாலு வருஷமா பெங்களூர்ல பொட்டி தட்டிக்கிட்டிருக்கேன். பௌர்ணமிக்கு லீவு கிடைக்கிறதே அபூர்வம். அந்தத் தடவை நானா லீவு போட்டுட்டுப் போனேன். ஆபீஸ்ல இருக்கப் புடிக்கல. காரணத்தை அப்புறமா சொல்லலாம்னு நினைச்சேன். வேணாம், இப்பவே சொல்லிடறேன். இழுத்தடிச்சா அதுவும் மறைக்கிற மாதிரிதான் ஆகும்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. கஸ்டமரோட டேட்டாபேஸ்ல ஒரே ஒரு ஆர்டரோட ஸ்டேட்டஸை மாத்தணும். ரெண்டு நிமிஷ வேலை. அப்டேட் கட்டளை எழுதினேன், ‘வேர்’ கண்டிஷன் போட மறந்துட்டேன், எண்டர் தட்டிட்டேன். இந்தத் தொழில்ல இருக்கிறவங்களுக்கு இப்பவே வயித்தைக் கலக்கியிருக்கும். மத்தவங்களுக்கு ஒரு விளக்கம்: ஒரு வீட்டுக் கதவுல ஒட்ட வேண்டிய நோட்டீஸை, ஊர்ல இருக்கிற அத்தனை வீட்டுக் கதவுலயும் ஒட்டிட்டேன், ஏற்கெனவே இருந்த நோட்டீஸையெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டு. நாப்பதாயிரத்துச் சொச்சம் ஆர்டர். எல்லாமே ‘டெலிவரி ஆயிடுச்சு’ :-)

இப்ப சிரிப்பு வருது. அன்னிக்கு வரல. பேக்கப்ல இருந்து மீட்டாச்சு. ஆனா பேக்கப் எடுத்ததுக்கு அப்புறம் அன்னிக்கு வந்த விவரமெல்லாம் போனது போனதுதான். திங்கக்கிழமை கஸ்டமர் விளக்கம் கேட்டாங்க.

அந்த டேட்டாபேஸுக்கு எங்க டீம்ல ஆறு பேருக்கும் ஒரே லாகின். லாக்ல தேடினா லாகின் பேருதான் இருக்கும், ஆள் பேரு இருக்காது. அன்னிக்கு ராத்திரி ஷிஃப்ட்ல இருந்தது ரெண்டு பேர். நான் ஒருத்தன், ஆறு மாச கான்ட்ராக்ட்ல வந்த பையன் ஒருத்தன். அவனும் அன்னிக்கு நாலஞ்சு ஸ்கிரிப்ட் ஓட்டியிருந்தான். மீட்டிங்ல லீடு "யாரு ரன் பண்ணது?"ன்னு கேட்டப்ப நான் வாயைத் திறக்கல. வெளிய வந்ததும் அந்தப் பையன் என்கிட்டயே வந்து, "என்னோடதுல ஏதாச்சும் தப்பாயிருக்குமோண்ணா?"ன்னு கேட்டான்.

"தெரியலையேப்பா"ன்னேன்.

விளக்க அறிக்கையை எழுதற வேலையும் என் தலையிலயே விழுந்துச்சு. நாலு பக்கம். ‘பிழை நிகழ்ந்தது’, ‘கவனிக்கப்பட்டது’, ‘சரிசெய்யப்பட்டது’. இங்கிலீஷ்ல எழுதறப்ப இந்த மாதிரி வாக்கியமெல்லாம் தண்ணி மாதிரி ஓடும். நாலு பக்கத்துல ஒரு இடத்துல கூட ‘நான்’ கிடையாது. ‘என்ன நடவடிக்கை எடுத்தீங்க?’ன்னு கஸ்டமர் கேட்டதுக்கு, அந்தப் பையனோட கான்ட்ராக்ட்டை முடிச்சு அனுப்பிட்டாங்க.

இந்த மூட்டையைத் தூக்கிக்கிட்டுத்தான் ஊருக்குப் போனேன்.

ராத்திரி பெரியப்பாவோட கிரிவலம் கிளம்பினேன். பெரியப்பா மாசம் தவறாம சுத்துறவர். 14 கிலோமீட்டரும் வெறுங்கால்தான். ராஜகோபுரத்துல கற்பூரம் ஏத்திட்டு நடக்க ஆரம்பிச்சோம். கூட்டத்துல நடக்கறதுல ஒரு சௌகரியம், பேசிக்கிட்டே போறப்ப முகத்தைப் பாக்க வேண்டியதில்ல. அக்னி லிங்கம் போறதுக்குள்ள எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

பெரியப்பா திட்டல. "டேய் தம்பி, நான் பண்ணேன் நான் பண்ணேன்னு நினைக்கிறதாலதான்டா உனக்கு இந்தக் கஷ்டம். நான்ங்கறதே பொய்டா. எல்லாம் அவன் செயல். அந்தப் பையனுக்கு இங்க சோறு இவ்ளோ நாள்னு எழுதியிருக்கு, அவ்ளோதான். இதைத்தானடா இங்க இருந்தவரும் சொன்னாரு"ன்னு கையைக் காட்டினார். செங்கம் ரோட்டுல ரமணாசிரமம் வாசலுக்கு வந்திருந்தோம்.

உண்மையைச் சொல்லணும்னா, அந்த நிமிஷம் மனசுக்கு ரொம்ப இதமா இருந்துச்சு. அதான் உறுத்துச்சு. என் நாலு பக்க அறிக்கையும் இதையேதான் சொல்லுது. ‘நான்’னு யாரும் இல்ல, பிழை நிகழ்ந்தது. எனக்கே தெரியாம வேதாந்தம் எழுதியிருக்கேன் போல :-)

எங்க ஊர்ல பொறந்தவங்களுக்கு ‘நான் யார்’ங்கற கேள்வி சுவத்துல ஒட்டின போஸ்டர் மாதிரி. தினமும் கண்ணுல படும், யாரும் நின்னு படிக்க மாட்டோம். எங்கெங்கிருந்தோ வெள்ளைக்காரங்க ‘நான்’ஐத் தொலைக்க இங்க வர்றாங்க. நாங்க ஒரு ‘நான்’ஐ உண்டாக்கிக்க பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் பஸ் ஏறறோம். யூனிக்ஸ்ல கூட ‘ஹூ ஆம் ஐ’னு ஒரு கட்டளை இருக்கு. தட்டினா உங்க லாகின் பேரைச் சொல்லும். எங்க டேட்டாபேஸ்ல அப்படி ஒண்ணைக் கேட்டிருந்தா ஆறு பேருக்கும் ஒரே பதில்தான் வந்திருக்கும். ஆக, பேரை வச்சு ‘நான்’ஐக் கண்டுபிடிக்க முடியாதுங்கறது எனக்கே அனுபவம். அப்ப எதை வச்சுக் கண்டுபிடிக்கறது?

மறுநாள் ரமணரோட வாழ்க்கை வரலாற்றை எடுத்துப் படிச்சேன். ஸ்கூல் நாள்ல படிச்சப்ப கண்ணுல படாத ஒண்ணு இந்தத் தடவை பட்டுச்சு.

1896 ஆகஸ்ட் 29. மதுரை. 16 வயசுப் பையன் வேங்கடராமன், வீட்டுப்பாடம் சரியா செய்யாததுக்குத் தண்டனையா பெயின் எழுதின இங்கிலீஷ் இலக்கணப் பாடத்தை மூணு தடவை எழுதிக்கிட்டிருக்கான். ரெண்டு தடவை எழுதினதும் சலிச்சுப்போய் நோட்டை ஒதுக்கிட்டுக் கண்ணை மூடி உக்காந்துட்டான். அண்ணன் நாகசாமி பாத்துட்டு, இப்படி இருக்கிறவனுக்கு இந்தப் படிப்பெல்லாம் எதுக்குங்கற மாதிரி ஒரு வார்த்தை விட்டார். பையன் ஸ்கூல்ல வகுப்பு இருக்குன்னு சொல்லிட்டு எழுந்தான். அப்ப போற வழியில என் காலேஜ் சம்பளத்தையும் கட்டிடு, பெட்டியில இருந்து அஞ்சு ரூபா எடுத்துக்கோன்னார் அண்ணன்.

பையன் ஒரு பழைய அட்லஸைப் பாத்து திண்டிவனம்தான் பக்கத்து ஸ்டேஷன்னு முடிவு பண்ணி, மூணு ரூபா போதும்னு கணக்குப் போட்டான். மீதி ரெண்டு ரூபாயோட ஒரு கடிதத்தை வச்சுட்டுக் கிளம்பிட்டான். திண்டிவனம் டிக்கெட் ரெண்டு ரூபா பதிமூணு அணா. மிச்சம் மூணே அணா.

அந்தக் கடிதம் பிரசித்தமானது. முதல் வாக்கியம் ‘நான்’ல ஆரம்பிக்குது. தன் தகப்பனைத் தேடி, அவர் உத்தரவுப்படி கிளம்பிட்டேன்னு சொல்லுது. அடுத்த வாக்கியத்துல ‘நான்’ காணாமப் போய் ‘இது’ ஆயிடுது. கடைசியில ‘இப்படிக்கு’ன்னு போட்டுட்டு பேரே இல்ல, வெறும் கோடு. இலக்கணப் பாடத்தைத் தள்ளி வச்சவன் எழுதின இலக்கணம். ‘நான்’ கரைஞ்சு போனதுக்கு இதை ஆதாரமா எல்லாரும் காட்டுவாங்க.

நான் பாத்தது கடைசிப் பகுதியை. ‘நான்’ போனதுக்கு அப்புறம்தான், உன் சம்பளம் இன்னும் கட்டல, இதோட ரெண்டு ரூபா இருக்குங்கற விஷயம் வருது. கையெழுத்துப் போட ஆள் இல்ல, ஆனா கணக்கு இருக்கு! அஞ்சுல ரெண்டு போனா மூணு, யார் கையில போச்சுன்னு அண்ணனுக்குத் தெரிஞ்சுடும். அண்ணன் காசுல மூணு ரூபா எடுத்தது சரியான்னு நீங்க கேக்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனா எடுத்ததை அவர் ஒளிக்கல. பழி வேலைக்காரங்க மேலயோ கூடப் பொறந்தவங்க மேலயோ விழற மாதிரி விட்டுட்டும் போகல.

இதோட இன்னொண்ணையும் சேர்த்துப் பாருங்க. வழியில கீழூர்ல காதுல இருந்த கடுக்கனை அடகு வச்சு நாலு ரூபா வாங்கினார். மீட்கற எண்ணம் இல்லாததால சீட்டைக் கிழிச்சுப் போட்டார். செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்ததும், கையில மிச்சம் இருந்ததை ஐயங்குளத்துல வீசிட்டார். தன்னோட காசு குளத்துக்குப் போச்சு. அண்ணன் காசுக்கு மட்டும் கணக்கு எழுதி வச்சார். ‘நான்’ஐ விடறதுன்னா என்னன்னு எனக்கு இங்கதான் புரிஞ்சுது. எனக்கு வர வேண்டியதை விடலாம். நான் தர வேண்டியதை விடறதுக்கு எனக்கு உரிமை இல்ல.

பெரியப்பா கட்சியிலயும் பலம் இருக்கு, மறைக்கக் கூடாது. 1898-ல அம்மா அழகம்மாள் பவளக்குன்றுக்கு வந்து வீட்டுக்குக் கூப்பிட்டு நாள் கணக்கா அழுதப்ப, ரமணர் பேசல. கடைசியில ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தார்: அவரவர் வினைப்படி நடக்கறது நடக்கும், நடக்காதது என்ன முயற்சி செஞ்சாலும் நடக்காது, அதனால மௌனமே நல்லதுங்கற கருத்துல. பெரியப்பா சொன்னதும் கிட்டத்தட்ட இதான். அந்தத் தாய் வெறுங்கையோட திரும்பிப் போனதைப் படிக்கறப்ப எனக்கு இன்னிக்கும் மனசு ஒப்பல. 1916-ல அம்மா மகன்கிட்டயே வந்து தங்கினாங்க, 1922-ல அவங்க உயிர் போற வரைக்கும் மகன் பக்கத்துலயே உக்காந்திருந்தார். இதனால அந்தப் பழைய அழுகை நேராயிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. ரமணர் விதியைச் சொன்னது தன்னோட வாழ்க்கையைப் பத்தி. 1924-ல ஆசிரமத்துல திருடங்க புகுந்து அவர் தொடையிலயே அடிச்சப்ப, திருப்பி அடிக்கக் கிளம்பின சீடர்களைத் தடுத்தார். தன் மேல விழுந்த அடிக்கு ‘நான்’ இல்ல. என் விஷயத்துல அடி விழுந்தது இன்னொருத்தன் மேல. அவன் முதுகைக் காட்டிட்டு ‘எல்லாம் மாயை’ன்னு நான் சொன்னா அது ஞானமா? சுத்தமான கோழைத்தனம்.

இங்கிலாந்துல ஜான் லாக்னு ஒரு தத்துவக்காரர். 1694-ல தன் புத்தகத்தோட இரண்டாம் பதிப்புல ‘ஆள்’னா யார்னு ஒரு அத்தியாயம் சேர்த்தார். அவர் கணக்குல ‘ஆள்’ங்கறதே ஒரு கோர்ட்டு வார்த்தை, செஞ்ச செயலையும் அதோட பலனையும் யார் பேர்ல எழுதறதுன்னு சொல்றதுக்கான வார்த்தை. லாக் வேற ஊர், வேற மதம், வேற நோக்கம். ஆனாலும் அந்த ரெண்டு ரூபாயை அவர்கிட்ட காட்டியிருந்தா புரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்.

தனிமனிதத்துவம்னா எங்க செட்டுல ஒரு அர்த்தம் ஓடுது: என் இஷ்டம், என் சம்பளம், என் வாழ்க்கை, நீ யாரு கேக்கறதுக்கு. வீட்டுல பெரியவங்க அதைக் கேட்டுட்டு, தனிமனிதனாவது ஒண்ணாவது, குடும்பம், சாமி, விதின்னு எதிர்ப்பாட்டு பாடறாங்க. ரெண்டு பேரும் முக்கியமான இடத்தை விட்டுடறாங்க. பெருமை வர்றப்ப ‘நான்’, பழி வர்றப்ப ‘டீம்’, அதுவும் பத்தலைன்னா ‘விதி’. என் இஷ்டத்தை வேற யாராவது அனுபவிச்சுட்டுப் போகட்டும், என் சம்பளத்தை வேற யாராவது வாங்கிக்கலாம். நான் தட்டின எண்டரை மட்டும் வேற யாராலயும் தட்டியிருக்க முடியாது. ‘நான்’னு ஒண்ணு இருக்கோ இல்லையோ, தேடறதுன்னா அங்கதான் தேட ஆரம்பிக்கணும்.

நம்ம தமிழ்லயே இது இருக்குங்க. குழந்தை டம்ளரைப் போட்டுட்டு, "அம்மா, டம்ளர் உடைஞ்சிருச்சு"ன்னு ஓடி வரும். "உடைஞ்சுச்சா, உடைச்சியா?"ன்னு அம்மா கேப்பாங்க. ‘உடைச்சுட்டேன்’ல ‘நான்’ங்கற வார்த்தையே இல்ல, ஆனா அந்த ‘ஏன்’ விகுதியில ஆள் உக்காந்திருக்கான். எழுவாயைத் தூக்கினாலும் வினைமுற்று காட்டிக் கொடுத்துடும்.

பெங்களூர் திரும்பினதும் லீடுக்கும் மேனேஜருக்கும் ஒரு மெயில் போட்டேன். மூணே வரி. முதல் வார்த்தை ‘நான்’. மேனேஜர் கூப்பிட்டு, "முடிஞ்சு போனதை ஏன் கிளறுறே?"ன்னார். அந்த வருஷ அப்ரைசல் எப்படி இருந்திருக்கும்னு உங்களுக்கே தெரியும். பையனோட ஃபைல்ல எழுதியிருந்ததை மட்டும் அழிச்சுக் கொடுத்தாங்க. வேலையைத் திருப்பிக் கொடுக்கல. அவனுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அப்ப நான் பண்ணலையாண்ணா?"ன்னான்.

மூணு வாரமா அவன், தான் செய்யாததைத் தான்தான் செஞ்சோம்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கான். நான் தொலைச்ச ‘நான்’ஐ அவன் தலையில கட்டி விட்டிருக்கேன்.

பெரியப்பாகிட்ட இதைச் சொன்னேன். "அதுவும் அவன் செயல்தான்டா"ன்னார். இருக்கட்டும் பெரியப்பா. மெயிலை அனுப்பினது நான்.