பாகூர்ச் செப்பேடும் பாரிஸ் மியூசியங்களும்

பாரிசுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற நம் பக்கத்து ஆட்கள் எல்லோரும் ஒரே கதையோடுதான் திரும்பி வருகிறார்கள். ஈஃபில் கோபுரத்துக்கு முன்னால் ஒரு படம், லா ஷப்பேலில் வாங்கிய மளிகை, லூவ்ரில் மோனாலிசா. மோனாலிசாவைப் பார்த்தோம் என்பதும் பெயருக்குத்தான். முன்னால் நிற்பவர்கள் தூக்கிப் பிடித்த செல்போன்களைத்தான் பார்க்க முடிகிறது. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நானும் அந்தக் கூட்டத்தில் நின்றவன்தான். அதில் தப்பில்லை. ஆனால் பாகூர்க்காரன் பாரிசில் தேட வேண்டியது வேறு என்பது என் கட்சி.

முதலில் கிமே மியூசியம். மெட்ரோ ஒன்பதாம் லைனில் இயேனா ஸ்டேஷனில் இறங்கினால் போதும். லியோன் நகரத் தொழிலதிபர் எமீல் கிமே 1889-இல் பாரிசில் திறந்தது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் கிடையாது. லூவ்ர் நெரிசல் இங்கே இல்லை, நிதானமாக நின்று பார்க்கலாம். நம் வயதுக்கு அதுதான் முக்கியம். சோழர் காலத்து நடராசர் அங்கே நிற்கிறார். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து போன யோகினி ஒருத்தியும் இருக்கிறாள். புதுச்சேரியில் வாத்தியாராக இருந்த ழுவோ துப்ரேய் 1920-களில் கண்டெடுத்த யோகினி வரிசையைச் சேர்ந்தவள் அவள். அரிக்கமேட்டின் அருமையை உலகுக்குச் சொன்னவர்களில் முக்கியமானவரும் இதே துப்ரேய்தான். அந்த யோகினிகளில் ஒருத்தி பாரிசில், ஒருத்தி லண்டனில், ஒருத்தி வாஷிங்டனில். அக்கா தங்கைகளைத் திசைக்கொருவராகக் கட்டிக்கொடுத்த மாதிரி.

ஆனால் நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது. பிரான்சின் தேசிய நூலகம், பிபிலியோத்தேக் நசியோனால், நம் ஊர்ச் செப்பேடுகளை வைத்திருக்கிறது. 1879-இல் பாகூரில் கிடைத்தவை. ழூல் த லாஃபோன் என்ற பிரெஞ்சு நீதிபதியின் கைக்கு வந்து, பிறகு கடல் கடந்தன. ஐந்து ஏடுகள், ஒரு வளையம், அதில் பல்லவர் காளை முத்திரை. பாதி வடமொழி, பாதி தமிழ்.

நிருபதுங்கவர்ம பல்லவனின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், எழுதிய உத்தரவு அது. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்களின் வருவாயையும் பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்விச்சாலைக்கு, வித்யாபோகமாகக் கொடுத்தார்கள். நிலைதாங்கி என்ற தலைவன் கேட்டுக்கொண்டதன் பேரில் அரசன் கொடுத்தான். யார் விண்ணப்பித்தது, யார் அனுமதித்தது, எல்லைகள் எவை என்று எல்லாம் முறையாக இருக்கிறது. காலமெல்லாம் கோப்பு பார்த்த எனக்கு அதைப் படிக்கும்போது ஒரு நல்ல ஜி.ஓ. படித்த திருப்தி வந்தது. இன்று பாகூர் என்றால் ஏரியும் நெல்லும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. சுமார் 1,150 வருஷங்களுக்கு முன் வெளியூரிலிருந்து பிள்ளைகள் படிக்க வந்த ஊராக இருந்திருக்கலாம் என்று மூலநாதர் கோயிலைச் சுற்றி விளையாடும் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு ஆனைமங்கலச் செப்பேடு தெரியும். அது ஹாலந்தில் லெய்டன் நகரத்துக்குப் போனதைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதிவிட்டன. பாகூர்ச் செப்பேட்டுக்குக் கல்கியும் வாய்க்கவில்லை, பத்திரிகையும் வாய்க்கவில்லை.

"மூலத்தையே திருப்பிக் கேட்க வேண்டும்" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். கேட்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் கொரியாக்காரர்கள் பட்ட பாட்டைப் பாருங்கள். 1866-இல் பிரெஞ்சுக் கடற்படை அள்ளிக்கொண்டு போன அவர்களுடைய அரசவை நூல்கள் இதே நூலகத்தில்தான் இருந்தன. வேக ரயில் ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்த சமயத்தில், 1993-இல், மித்தெரான் ஒரே ஒரு நூலைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். மற்றவை 2011-இல்தான் போய்ச் சேர்ந்தன, அந்த ஒன்றையும் சேர்த்து 297 தொகுதிகள். அதுவும் சொந்தமாக அல்ல, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கும் இரவலாக. சண்டையில் எடுத்துப் போனதற்கே அந்தக் கதி. பெனினுக்கு 26 பொருட்களைத் திருப்பித் தர பிரெஞ்சுப் பாராளுமன்றம் 2020-இல் தனியாக ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. நம்முடையது ஒரு நீதிபதியின் கைவழியாகப் போனது. நம்மிடம் ரயில் ஒப்பந்தமும் இல்லை. கோப்பு நகர்வதற்குள் நான் இருக்க மாட்டேன்.

ஆகவே என் கோரிக்கை சின்னது. நல்ல நகல் ஒன்று. கட்டணம் கட்டினால் அந்த நூலகம் தன்னிடமுள்ள சுவடிகளைப் படமெடுத்துத் தரும் வழக்கம் உண்டு. அந்தப் படங்களை வைத்துச் செம்பிலேயே அதே அளவில் ஐந்து ஏடுகள் செய்ய நம் பக்கத்துக் கைவினைஞர்களால் முடியும். அதைக் கோயிலில் வைக்க வேண்டாம், தொல்லியல் துறை அனுமதி என்று இழுக்கும். புதுச்சேரி செயின்ட் லூயி வீதி மியூசியத்திலும் வேண்டாம். அரிக்கமேட்டு மணிகளையும் துய்ப்ளெக்ஸ் கட்டிலையும் பார்க்க நம் கொம்யூனிலிருந்து எத்தனை பேர் பஸ் ஏறியிருக்கிறோம்? பாகூர் அரசுப் பள்ளியில், தலைமையாசிரியர் அறைக்கு வெளியே, கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும். கல்விச்சாலைக்குக் கொடுத்த உத்தரவு கல்விச்சாலையில்தானே இருக்க வேண்டும்? பக்கத்தில் தமிழில் விளக்கப் பலகை, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. எக்கோலில் பிரெஞ்சில் படித்து, மேரியிலும் திரேசொரியிலும் அந்த மொழியிலேயே மனு எழுதிப் பழகிய தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. பாகூர், வில்லியனூர் இரண்டையும் சேர்த்தாலும் இப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆங்கிலத்தில் எழுதினாலும் பதில் வரும்தான். ஆனால் அவர்கள் மொழியில், அவர்கள் நடைமுறைப்படி எழுதிய விண்ணப்பத்துக்குத் தனி மரியாதை உண்டு என்பது என் உத்தியோக அனுபவம்.

சுவடிப் பிரிவுக்கான மனு பிரெஞ்சில் ஒன்றரைப் பக்கம் தயாராக இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறைக்குத் தமிழில் ஒரு பிரதி. கையெழுத்துப் போட நினைப்பவர்கள் வீட்டுக்கே வரலாம். ஆதார் நகல் எல்லாம் வேண்டாம்; பேரும் ஊரும் எழுதினால் போதும்.