தகுதி இருக்கு சார்... தேர்வு மையம் எங்க இருக்கு?

வெள்ளக்கடையிலிருந்து ஒன்றிய அரசுக்கு ஒரு கேள்வி.

வேலை அறிவிப்பு வந்தா நாம முதல்ல பார்க்கிறது "கல்வித் தகுதி" கட்டத்தைத்தான். ஐடிஐயா, டிப்ளமோவா, பி.இ.யா? எந்தப் பிரிவு? வயசு வரம்பு என்ன? எல்லாம் பொருந்தினா அப்ளை பண்றோம். ஆனா அந்தக் கட்டத்துல எழுதாத தகுதிகளும் சிலது இருக்கு உறவுகளே. நம்ம பிள்ளைங்க தோற்கிறது அங்கதான்.

எழுதாத தகுதி 1: தூரம்

ரயில்வே உதவி லோகோ பைலட் வேலை. 2024 அறிவிப்பில் நாடு முழுக்க 18,799 இடம். தகுதி: பத்தாவதோட ஐடிஐ, இல்லேன்னா மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ், ஆட்டோமொபைல் டிப்ளமோ அல்லது பி.இ. இது நம்ம மலைக்குப் பொருந்துற வேலை. கருமந்துறையில பழங்குடியினருக்கான அரசு ஐடிஐ இருக்கு. கருப்பூரில் 1966லிருந்து அரசு பொறியியல் கல்லூரி இருக்கு.

முதல் கட்டம் தாண்டியாச்சு. 2025 மார்ச் 19 இரண்டாம் கட்டத் தேர்வு. தமிழ்நாட்டுத் தேர்வர்கள் ஆயிரக்கணக்கானோருக்கு மையம் எங்க போட்டாங்க? தெலங்கானாவில!

வெள்ளக்கடையில காப்பித் தோட்டக் கூலி வீட்டுப் பையனுக்குக் கணக்கு போட்டுப் பாருங்க. கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி சேலம் வரணும். அங்கிருந்து ஹைதராபாத் 700 கி.மீ.க்கு மேல. எஸ்சி, எஸ்டி தேர்வருக்கு இலவச ரயில் பாஸ் உண்டுதானேன்னு கேட்பாங்க. உண்டு. தங்குறதுக்கு பாஸ் இருக்கா? சாப்பாட்டுக்கு? போயிட்டு வர்ற நாளெல்லாம் போன கூலிக்கு?

இதையெல்லாம் சமாளிச்சுப் போனவங்களுக்கு அங்க என்ன கிடைச்சுது தெரியுமா? தொழில்நுட்பக் கோளாறு, தேர்வு தள்ளிவைப்பு. வந்த வழியே திரும்பினாங்க.

400க்கும் மேல பொறியியல் கல்லூரி இருக்கிற மாநிலத்துல கம்ப்யூட்டர் லேப் கிடைக்கலையாம். நம்பச் சொல்றாங்க!

எழுதாத தகுதி 2: முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும்

நெய்வேலி என்.எல்.சி. நிலம் கொடுத்தது தமிழ்நாடு. 2021 தொடக்கத்துல 259 பட்டதாரிப் பொறியாளர் இடத்துக்கு 1,582 பேரை நேர்காணலுக்குக் கூப்பிட்டாங்க. அதில் தமிழ்நாட்டவர் வெறும் 8 பேர்னு எல்லாக் கட்சியும் கொந்தளிச்சது நினைவிருக்கா? அடுத்து 2022ல் சுமார் 300 இடம். இந்த முறை கேட் மதிப்பெண் இருந்தாத்தான் விண்ணப்பம். கேட் தேர்வு நடந்தது பிப்ரவரியில. வேலை விளம்பரம் வந்தது அதுக்கப்புறம். அந்த வருஷம் கேட் எழுதாதவன் முதல் வகுப்பில் பாஸ் ஆகியிருந்தாலும் வெளியே!

மலையாளி சமூகத்துக்கு இது எவ்வளவு பெரிய அடி தெரியுமா? மாநில அரசு வேலையில எஸ்டி இட ஒதுக்கீடு 1 சதவீதம். அகில இந்திய அளவில் எடுக்கும் ஒன்றிய அரசு வேலையில 7.5 சதவீதம். எங்க பிள்ளைகளுக்குப் பெரிய கதவே அதுதான். அந்தக் கதவுக்குத்தான் சொல்லாம கொள்ளாம பூட்டை மாத்துறாங்க.

எழுத வேண்டிய தகுதி: தமிழ்

2019 மே மாசம் திருமங்கலம்–கள்ளிக்குடி பாதையில ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே ரெண்டு ரயில். நிலைய அதிகாரிகளுக்குள்ள மொழி புரியாததுதான் காரணம்னு பேசப்பட்டது. நல்லவேளை, உயிர் போகல. அதுக்கப்புறம் தெற்கு ரயில்வே என்ன பண்ணுச்சு? இந்தியிலயோ ஆங்கிலத்திலயோ பேசுங்கன்னு சுற்றறிக்கை விட்டுச்சு. எதிர்ப்பு கிளம்பினதும் வாபஸ்.

மாநில அரசுத் தேர்வுகளுக்கு 2021 டிசம்பர் அரசாணையிலிருந்து தமிழ்த் தாள் கட்டாயம், குறைந்தது 40 சதவீத மதிப்பெண் எடுக்கணும். தமிழ்நாட்டு மக்களோடவே வேலை பார்க்கிற ஒன்றிய அரசுப் பணிக்கு மட்டும் ஏன் இல்லை?

ஒண்ணு தெளிவா சொல்லிடறோம். பீகாரிலிருந்து வந்து உழைக்கிற தோழர் மேல எங்களுக்குக் கோபம் இல்லை. அவரும் நம்மை மாதிரி வேலை தேடுறவர்தான். "வெளி ஆளே வேண்டாம்"னு கத்துறதும் நடக்காது. தனியார் வேலையில 75 சதவீதம் உள்ளூருக்குன்னு ஹரியானா போட்ட சட்டத்தை 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. அரசுப் பணிக்குக் குடியிருப்பு நிபந்தனை வைக்கணும்னா, அரசியல் சட்டம் 16(3)படி நாடாளுமன்றம்தான் சட்டம் போட முடியும். அதனால நாங்க சலுகை கேட்கல. எழுதாத தகுதியை எடுத்துப் போடுங்கன்னுதான் கேட்கிறோம்.

நமது கோரிக்கைகள்:

1. தமிழ்நாட்டுத் தேர்வருக்கு எல்லாக் கட்டத் தேர்வும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. சேலத்தில் கட்டாயம் மையம் வேண்டும்.
2. கேட் மூலம் ஆள் எடுக்கிற பொதுத்துறை நிறுவனம், கேட் பதிவு தொடங்கும் முன்பே அறிவிக்க வேண்டும்.
3. ரயில்வே தொழில்நுட்பப் பணியில் சேருபவருக்குத் தமிழ் அறிவு கட்டாயம்.
4. மாநில அரசுக்கும் சொல்கிறோம்: ஏற்காட்டிலும் கருமந்துறையிலும் கேட், ரயில்வே தேர்வுக்கு இலவசப் பயிற்சி மையம் திறங்கள். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளையை பி.இ. சேர்த்தது பாதி வேலைதான். மீதி இது.

2025ல் கருமந்துறை மலையாளி மாணவி ஒருவர் சென்னை ஐஐடிக்கே போயிட்டாங்க. தகுதி இல்லைன்னு இனி யாரும் சொல்ல முடியாது.

எங்களால மலையிறங்கி வர முடியும். தேர்வு மையம் மாநிலத்தைத் தாண்டாம இருந்தா போதும்!

படிச்சிட்டு வேலை தேடுற ஒவ்வொருத்தருக்கும் போய்ச் சேரும் வரை பகிருங்கள்.

#தமிழ்நாட்டில்_தேர்வுமையம் #எழுதாத_தகுதியை_நீக்கு

– தகவல் தொழில்நுட்பப் பிரிவு, ஏற்காடு ஒன்றியம்